கைபேசியில் வரும் சேதியை எடைபோடுவது எப்படி?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பின் தலைப்பைப் பார்த்துவிட்டு, “இது காலேஜ் பிள்ளைகளுக்கு உரிய விஷயமாயிற்றே! எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நின்றுவிட்டு வருகிறவனுக்கும், நாள் பூராவும் நடவில் குனிந்து கிடக்கிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்படி முணுமுணுத்தவர்களின் சட்டைப்பையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. அது நான் பேச ஆரம்பித்த பிறகே இரண்டு தடவை கத்திவிட்டது.

முன்பெல்லாம் டீக்கடைக்கு ஒரு பத்திரிகை வரும். ஒருவர் உரக்க வாசிப்பார், பத்துப் பேர் கேட்போம். அதில் புளுகு இருந்தால் பத்தில் ஒருவராவது, “அதெப்படி ஐயா? போன வாரம் வேறு மாதிரி போட்டிருந்தானே?” என்று மடக்குவார். இன்று ஒவ்வொருவரும் தனியாகப் படுத்துக்கொண்டு, இருட்டில், தனக்கு மட்டும் வந்த சேதியைப் படிக்கிறோம். மடக்குவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

வதந்தி என்பது தொழிலாளிக்குப் புதிய சரக்கல்ல. வேலைநிறுத்தம் என்றால் மூன்றாம் நாளே மொட்டை நோட்டீஸ் வரும். “பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள், நீ மட்டும் ஏன் பட்டினி கிடக்கிறாய்?” என்று காதில் ஓதுவார்கள். அப்போது சங்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? விவாதம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு பேரைச் சைக்கிளில் ஏற்றி கேட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர், எந்த டிபார்ட்மெண்ட், புகைபோக்கியில் புகை வருகிறதா, சுற்று ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள். இண்டர்நெட்டில் வருகிற சேதிக்கும் இதே வேலைதான். கேட் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது.

திருப்பூரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், தூக்கில் தொங்கவிடுகிறார்கள் என்று வடக்கே லட்சக்கணக்கான கைபேசிகளில் வீடியோக்கள் பறந்தன. இந்தி பேசியதற்காக 12 பேரைத் தூக்கிலிட்டார்கள் என்று, உத்தரப் பிரதேசத்து பி.ஜே.பி. பிரமுகர் ஒருவர் எழுதினார்; அவர் வக்கீலும்கூட! (சுப்ரீம் கோர்ட் அவரை ஏப்ரலில் மன்னிப்புக் கேட்கச் சொல்லிற்று.) பீகார் சட்டசபையில் அமளி. பத்திரிகைகள் இதை அச்சிலும் ஏற்றின. பனியன் கம்பெனிகளில் வேலை செய்த வாலிபர்களுக்கு, ஊரிலிருந்து தாயார் போன் செய்து அழுகிறாள்: “மகனே, உயிரோடு இருக்கிறாயா? உடனே புறப்பட்டு வா!” மகனோ திருப்பூரில், தன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கீறலும் இல்லை. ஆனால் தாயார் சொன்னதைக் கேட்டபின் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது: பக்கத்துத் தெருவில் நடக்கிறதோ என்னவோ!

அந்த வீடியோக்கள் எவை? ஒன்றில் அரிவாளால் வெட்டுகிறார்கள். அது ராஜஸ்தானில் ஜோத்பூரில் முந்திய மாதம் நடந்த ஒரு கொலை. இன்னொன்று பீகார்த் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து போட்ட சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த அடிதடி. பின்னால் சொன்ன இரண்டின் விவரங்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவர் சொன்னார். பீகார் சர்க்கார் நான்கு அதிகாரிகளை அனுப்பிற்று. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து, தொழிலாளர்களை நேரில் விசாரித்தார்கள். காயம்பட்டவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு கதறுகிற ஒரு வீடியோவைப் பற்றி பீகார் போலீஸ் விசாரித்துச் சொன்னது என்ன தெரியுமா? அது பாட்னாவில், ஒரு வாடகை வீட்டில் எடுத்த படமாம்!

ரயில் நிலையத்தில் கூட்டம் கூட்டமாக வடநாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிற படமும் சாட்சியாகக் காட்டப்பட்டது. கூட்டம் நின்றது மெய்தான். அந்த வருஷம் மார்ச் 8ந் தேதி ஹோலி. பண்டிகைக்கு ஊர் போகிற கூட்டம் வருஷா வருஷம் நிற்பதுதான். தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டைப் படம் பிடித்து, “சென்னையிலிருந்து ஜனங்கள் ஓடுகிறார்கள்” என்று எழுதினால் எப்படி இருக்கும்? படம் பொய் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே எழுதியவன் சொன்னான். வெறும் புளுகைவிட இது மோசமான வகை, ஏனென்றால் “கண்ணால் பார்த்தேன்” என்று நாமே சத்தியம் செய்வோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. அதே வருஷம் ஜனவரியில், வடநாட்டுத் தொழிலாளர்கள் தமிழர்களை விரட்டுகிற வீடியோ ஒன்று திருப்பூரிலிருந்து கிளம்பி நம்மவர்களிடையே பறந்தது. “பார்த்தாயா, நம் ஊரிலேயே நம்மை அடிக்கிறான்!” என்று அதை அனுப்பியவர்கள் எத்தனை பேர்! ஒரு டீக்கடையருகே மூண்ட சில்லறைத் தகராறு அது. நடந்து பல நாள் கழித்துத்தான் வீடியோ பரவிற்று. ஜனவரியில் தமிழனுக்கு ஆத்திரம், மார்ச்சில் பீகாரிக்குப் பயம். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில், ஒரே டேபிளுக்கு இரண்டு பக்கமும் நின்று வேலை செய்கிறவர்கள். பீஸ் ரேட் குறைவு என்று இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய நேரத்தில் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கப் பயந்தால், கேட்கிற வாய் எங்கே இருக்கும்?

சரி, அந்த வாரத்தில் ஒரு சாதாரணத் தொழிலாளி இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? போலீஸ் இலாகா வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடியோவில் கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது? வண்டி நம்பர் டி.என்.னா, ஆர்.ஜே.யா? எந்த ஊர், எந்தத் தெரு, என்றைக்கு என்று எங்கேனும் சொல்கிறார்களா? பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள் என்றால் பன்னிரண்டு பெயர் எங்கே? அடக்கம் செய்த இடம் எங்கே? இவை எதுவும் இல்லாமல் “தமிழ்நாட்டில்” என்று மட்டும் இருந்தால் அந்தச் சேதிக்குக் கால் இல்லை. வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்தி, அந்தப் படத்தை கூகிள் லென்ஸில் போட்டுத் தேடினால், முன்பு அதே படம் வேறெங்கே வந்தது என்று பல சமயம் காட்டிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இது தெரியும். கேட்டுக் கற்றுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இப்போது ஒரு கேள்வி. பொய் ஏன் இத்தனை வேகமாக ஓடுகிறது? 2018ல் ‘சயன்ஸ்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூவர் ஒரு கணக்குப் போட்டார்கள். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய சுமார் 1,26,000 சேதிகளை எடுத்து, மெய் எது, பொய் எது என்று பிரித்துப் பார்த்தார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் மெய்க்குப் பிடித்ததாம். அதைப் பரப்பியதில் முக்கியப் பங்கு எந்திரங்களுக்கு இல்லை, மனிதர்களுக்குத்தான். புதுமையாக இருக்கிறது, அருவருப்பாக இருக்கிறது, ஆச்சரியமாக இருக்கிறது என்று நாமே கைமாற்றி விடுகிறோம்.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் மெட்டா என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. யூடியூப் கூகிள் கம்பெனியின் சொத்து. 2023ல் மெட்டாவுக்கு வந்த வருமானத்தில் 100க்கு 97 டாலருக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. நமக்கு அது இலவசம் என்கிறோம். சந்தையில் இலவசமாகத் தீனி போட்டு வளர்க்கிற ஆட்டைக் கேட்டால் அதுவும் அப்படித்தான் சொல்லும்! நாம் எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்கிறோமோ, அந்த நேரத்தைக் கம்பெனி விளம்பரதாரனுக்கு விற்கிறது. கோபம் வந்தவனும் பயந்தவனும் கண்ணை எடுக்கமாட்டான். யூடியூபில் வீடியோ போடுகிறவனுக்கும், பார்க்கிற கூட்டத்துக்கு ஏற்ப விளம்பரக் காசில் பங்கு உண்டு. ஆகவே ஒரு சேதியைப் பார்த்தால், “இதைப் பார்ப்பதால் யாருக்குக் காசு, யாருக்கு ஓட்டு?” என்று கேட்பது வீண் சந்தேகமாகாது.

காசுக் கணக்கு நமக்குத் துணை செய்கிற இடமும் உண்டு. ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி போடுகிறார்கள் என்ற சேதி உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். விவசாயத் தொழிலாளர் தோழர்கள் பலர் அரிசியை நீரில் போட்டு, மிதக்கிற மணிகளைக் காட்டி வீடியோ எடுத்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது பொய்யல்ல. அந்த மணி மற்ற அரிசியைப்போல் இல்லைதான். ஏனென்றால் அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 வைட்டமின் கலந்து, எந்திரத்தில் பிழிந்து அரிசி வடிவத்தில் வெட்டி, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்தார்கள். அதுதான் நிறம் மாறி, சில சமயம் மிதக்கிறது. பிளாஸ்டிக் என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பிளாஸ்டிக் குருணை கிலோ என்ன விலை, ரேஷன் அரிசி கிலோ என்ன விலை? கலப்படக்காரன் லாபத்துக்காகக் கலப்படம் செய்கிறவன். மலிவான அரிசியில் அதைவிட விலை கூடிய சரக்கைக் கலந்து நஷ்டப்படுகிற வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை. அரிசியில் கல்லைக் கலந்தால் நம்பலாம்!

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், பிளாஸ்டிக் என்ற கூச்சலில் நியாயமான கேள்விகள் அமுங்கிப் போய்விட்டன. தலசீமியா, சிக்கில் செல் போன்ற ரத்த நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்புச்சத்து கெடுதல் செய்யக்கூடும். 2018ல் சர்க்கார் போட்ட விதியிலேயே, மூட்டையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று இருந்தது. ரேஷன் கடையில் மூட்டையைப் பிரித்து அளந்து போட்டபோது அந்த எச்சரிக்கையை யார் படித்தார்கள்? அரிசி வாங்குகிற ஏழையிடம் யாராவது கேட்டார்களா, சொன்னார்களா? இது கேட்கவேண்டிய கேள்வி. பிளாஸ்டிக் என்று கத்தியவனைக் காட்டி, “இவர்கள் சொல்வதெல்லாம் வதந்தி” என்று அதிகாரி தப்பித்துக்கொண்டுவிடுகிறான். பொய் சேதி எதிரியைத்தான் தாக்கும் என்று நினைக்கவேண்டாம்.

பி.எஃப். சேதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஆலைத் தோழர்கள் அதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். 1990 முதல் 2020 வரை வேலை செய்தவர்களுக்குத் தொழிலாளர் இலாகா 1,20,000 ரூபாய் கொடுக்கிறது, கீழே தொட்டு உன் பெயர் பட்டியலில் இருக்கிறதா பார் என்று ஒரு சேதி சுற்றிற்று. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய சர்க்காரின் செய்தித் துறை மறுத்தது. இந்த மாதிரி இணைப்பைத் தொடுமுன் அதன் விலாசத்தைப் படியுங்கள். விலாசத்தை முன்னாலிருந்து படிக்கிறவன் ஏமாறுவான். முதல் ஒற்றைச் சாய்கோடு வருகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்கவேண்டும். கடிதத்தில் ஆள் பெயர் எதுவாக இருந்தாலும் கடைசி வரியில் உள்ள ஊருக்குத்தான் தபால் போகும், அதுபோல. இந்திய சர்க்கார் விலாசம் ‘கவ் டாட் இன்’ என்றோ ‘நிக் டாட் இன்’ என்றோ முடியும். பி.எஃப். என்ற எழுத்து முன்னால் எத்தனை முறை வந்தாலும், முடிவு வேறாக இருந்தால் அது வேறொருவன் வீடு. பாங்கிக்கோ காஸ் கம்பெனிக்கோ போன் நம்பர் தேடும்போதும் இந்த ஜாக்கிரதை வேண்டும். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், திருடன் போட்ட நம்பராகவும் இருக்கலாம். பாஸ்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் நம்பரைப் பாருங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே, அந்த மணியிலேயே, 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இப்படிச் சொன்னதும், “அப்படியானால் பி.எஃப். பற்றி வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் புளுகுதான்” என்று கையை உதறிவிடக்கூடாது. பெங்களூர் கார்மெண்ட் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். 2016ல், முதலாளி கட்டிய பி.எஃப். பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று ஒரு சேதி அவர்களிடையே பரவிற்று. அது மெய்! பிப்ரவரி 10ந் தேதியிட்ட சர்க்கார் அறிவிப்பில் இருந்தது. வேலை போனால் அந்தப் பணத்தை நம்பித்தானே அவர்கள் பிழைப்பு? ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 19ந் தேதியே சர்க்கார் அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கிற்று. வதந்தி என்று ஒதுக்கியிருந்தால் பணம் போயிருக்கும். எண், தேதி, இலாகாவின் பெயர், கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவி, இவை உள்ள அறிவிப்பைத் தேடி எடுத்துச் சங்க ஆபீசில் வைத்துப் படிப்பது அரை மணி வேலை.

“சர்க்காரே எது பொய், எது மெய் என்று சொல்லிவிட்டால் தொல்லையில்லையே” என்று ஒரு தோழர் கேட்டார். 2023 ஏப்ரலில் மத்திய சர்க்கார் இதைத்தான் செய்யப் பார்த்தது. சர்க்காரைப் பற்றிய சேதியில் எது பொய் என்று தீர்மானிக்க, தானே ஒரு குழு அமைத்துக்கொள்வதாக விதி போட்டது. வாதியும் தானே, ஜட்ஜும் தானே! பம்பாய் ஹைகோர்ட் 2024 செப்டம்பரில் அந்த விதியை ரத்துச் செய்தது. சர்க்கார் மறுப்பைப் படியுங்கள். அது ஒரு சாட்சி. மற்ற சாட்சிகளோடு வைத்துப் பாருங்கள்.

படித்தவர்களுக்கு இதெல்லாம் இயல்பாக வந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலைக்காரர்கள் 10 சரித்திர ஆசிரியர்கள், 25 மாணவர்கள், பத்திரிகைகளில் உண்மை சரிபார்ப்பதைத் தொழிலாகச் செய்கிற 10 பேர், இவர்களை உட்காரவைத்து இணையப் பக்கங்களை எடைபோடச் சொன்னார்கள். 2017ல் முடிவு வெளியாயிற்று. பேராசிரியர்கள் உள்பட பலர், அழகான முத்திரையையும் கம்பீரமான பெயரையும் கண்டு ஏமாந்தார்கள். அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று அதைவிட்டு வெளியே வந்து, “இந்தப் பக்கத்தை நடத்துகிறவன் யார்? மற்றவர்கள் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?” என்று தேடினார்கள். மாடு வாங்கப் போகிறவன் தரகன் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பானா? பக்கத்து வீட்டில் விசாரிப்பான். நமக்குத் தெரிந்த வித்தைதான்.

நமக்குப் பிடித்த சேதி வரும்போதுதான் இந்த வித்தை மறந்துபோகிறது. தீபாவளிக்கு முன்னால், “நிர்வாகம் 20 சதவிகித போனசுக்குச் சம்மதித்துவிட்டது” என்று உங்கள் ஆலைக் குழுவில் ஒரு சேதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி உச்சவரம்பே அதுதான், மனம் துள்ளும். அன்று மாலை கேட் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? மறுநாள் 8.33தான் என்று போர்டில் ஒட்டினால் யாரைக் கேட்பது? கையெழுத்தான ஒப்பந்தம் எங்கே என்று கேட்காமல், சந்தோஷமான சேதியையும் அனுப்பாதீர்கள்.

முன்வரிசையில் இருக்கும் ஒரு தாயார் கேட்கச் சொன்ன கேள்வி இது: “எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு வருவதெல்லாம் குரல் சேதி. நான் எப்படிப் பார்ப்பது?” அம்மா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. 2018 மே மாதம் இதே தமிழ்நாட்டில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று குரல் சேதியும் வீடியோவும் வீடுவீடாகப் போயின. அந்த நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எடுத்த பிரசாரப் படம். அதைச் சொல்கிற கடைசிப் பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி கேட்டு நின்ற ஒரு குடும்பம். 65 வயது அம்மாள் ஒருவர் அங்கே நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றுவிட்டது. அடித்தவர்களும் நம்மைப்போல் கூலிக்குப் போகிறவர்கள்தான், பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பயந்தவர்கள்தான். அந்தச் சேதியை அனுப்பிய விரல்கள் எத்தனை என்று இன்றும் கணக்கில்லை. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரே தடவையில் ஐந்து இடத்துக்குமேல் கைமாற்ற முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது.

ஆகவே குரல் சேதி வந்தால், அம்மா, முதலில் பேசுகிறவன் தன் பெயரைச் சொல்கிறானா என்று கேளுங்கள். ஊர் சொல்கிறானா? கிழமை சொல்கிறானா? “இன்றைக்கு” என்று மட்டும் சொன்னால் எந்த இன்றைக்கு? தஞ்சாவூரிலிருந்து பேசுகிறேன் என்கிறவன் பேச்சில் தஞ்சாவூர் இருக்கிறதா? அதை உங்கள் காது என்னைவிட நன்றாகச் சொல்லும். இப்போது எந்திரமே ஒருவர் குரலில் பேசுகிறது. ஆகவே தெரிந்த குரலானாலும் அவருக்கே திரும்பப் போன் செய்து கேளுங்கள். சேதிக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பிய உங்கள் தம்பிக்கும் மூலம் தெரியாது என்று அர்த்தம். பக்கத்து ஊரில் நடந்தது என்று வந்தால், அந்த ஊரில் நம் சங்கத்து ஆள் ஒருவர் இருப்பார், சம்பந்தி இருப்பார், கூட நடவுக்கு வருகிறவள் இருப்பாள். அவளிடம் பேசுங்கள். ஊருக்குப் புதிதாக யாராவது வந்தால் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 100க்குப் போன் செய்யுங்கள், கை நீளக்கூடாது.

இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டியவர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் கைபேசியை எடுங்கள். நேற்று வந்த சேதிகளில் ஆளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று இங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.